பிரெஞ்சு ராசாத்தியும் என்ரை மகளின்ரை கலியாணமும்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. நெடுந்தீவிலை ஏழு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினனான். எனக்குக் கையெழுத்து வைக்க மட்டுந்தான் தெரியும். நான் சொல்லப் பேத்தி எழுதுறாள்.

என்ரை மூத்தவளும் என்ரை தமையன்ரை மகனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவை. பிரான்சிலை படிச்சுவந்த பங்குச் சுவாமி கட்டிவைக்க மாட்டனெண்டார்.

“மச்சானெண்டாலும் ரத்தச் சொந்தம், ஏலாது” எண்டு சொல்லி, அந்தக்காலத்துப் பிரெஞ்சு ராசாத்தி ஒருத்தியின்ரை பரம்பரையைக் கடதாசியிலை கீறிக் காட்டினார். அவளுக்கும் புருசன் ராசாவுக்கும் பல தலைமுறைக்கு முந்தின பாட்டன் ஒருத்தர்தானாம். அதைக் கண்டுபிடிச்சுத் திருச்சபை கலியாணத்தை முறிச்சதாம்.

“எவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவை, சுவாமி?”

“பதினைஞ்சு வருசம்.”

“பிள்ளையள்?”

“ரெண்டும் பெட்டையள்.”

“ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருந்தால் ஆரும் பாட்டனைத் தேடியிருப்பினமோ? நாங்கள் சொந்தமெண்டு தெரிஞ்சுதான் கட்டுறம், சுவாமி. பிறகு கண்டுபிடிச்சு முறிக்கிறேல்லை.”

சுவாமி அந்தக் கடதாசியை மடிச்சு வைச்சார். பிறகு, “நீர் பொல்லாத மனுசி” எண்டு சிரிச்சுப்போட்டு, சொந்தத்துக்குள்ளை கட்டிவைக்க ஆயரிட்டை உத்தரவு கேட்டுக் கடிதம் எழுதினார். அடுத்தநாள் வள்ளமேறி நானே அதை ஆயரிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தன்.

உத்தரவு வந்தது, கலியாணம் நடந்தது. அண்டையிலையிருந்து, பெரியாக்கள் ஒரு காரணம் சொன்னால் அதுக்குப் பின்னாலை என்ன கிடக்கெண்டு பாக்காமல் நான் தலையாட்டினதில்லை.

எங்கை பிள்ளை, வாசி பாப்பம். சுவாமி குறை நினைப்பாரெண்டு எங்கையாவது மெதுவாக்கி எழுதியிருந்தால், அதை வெட்டு.