நீந்தத் தெரியாத ராணுவம்

என் முகத்தில் நுரையைப் பூசிவிட்டு, ராணுவம் தன் தலையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டார். குமிழிகள் குபுகுபுவென்று வந்தன. நிமிர்ந்ததும், “எப்படி, மூச்சடக்குறது போன வாரத்துக்கு இப்ப தேவலையா?” என்றார். நுரை காய்ந்துபோனதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராணுவம் என்பது தெரு வைத்த பெயர். முடிதிருத்தும் கடைக்காரர். யார் எந்தப் படத்தைக் காட்டி வெட்டச் சொன்னாலும், கண்ணாடியில் தெரிவது பட்டாளத்து வெட்டுதான். நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். வீரத்துக்கு ஒரு பதக்கமும் வாங்கியிருக்கிறார். அதை ஒரு நாளும் நெஞ்சில் குத்திக்கொண்டதில்லை.

காரணம் ஒரு முட்டை. “நீச்சல் தெரிஞ்சவன் கை தூக்குன்னாங்க. தூக்கினா காலையில ஒரு முட்டை கூடுதலாம். தூக்கிட்டேன். கடல்ல எறக்குவாங்கன்னு எவன் கண்டான்?”

இறக்கினார்கள். படகில் போய் எதிரியின் பீரங்கிகளைத் தகர்த்துவிட்டுத் திரும்பும் வேலை. வேலை முடிந்து படகு எதிரியின் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான், காலில் குண்டு பட்ட தோழர் ஒருவர் மணலில் கிடப்பது தெரிந்தது. தோட்டாக்கள் சடசடக்க, இவர் குதித்துவிட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தே போய், அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தே வந்தார். அலை வரும்போதெல்லாம் தோளில் இருந்தவர் இவர் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டுவார். இவர் மூச்சை அடக்கிக்கொள்வார்.

அந்தத் தோள் சவாரிக்காரர், பின்னாளில் தம் மகளை இவர் மகனுக்குக் கொடுத்துச் சம்பந்தியானார். “காப்பாத்தின மனுஷனாச்சேன்னு பொண்ணைக் குடுத்தேன். இப்ப நீச்சல் சொல்லிக் குடுங்கன்னு உசிர வாங்குறாரு!” என்று சிரிப்பார்.

பதக்கம் தந்த அன்று, தோழரைச் சுமந்து நீந்தினார் என்று மேடையில் வாசித்துவிட்டார்கள். “நடந்தேன்னு சொல்ல வாய் வரல. முட்டை தின்னவனாச்சே! என்னைக்கு நீந்துறேனோ, அன்னைக்குக் குத்திக்கிறேன்” என்று மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறார். நீந்தத் தெரியாமல் குதித்ததுதானே பெரிய வீரம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்த வீம்புக்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

நேற்று நகராட்சி நீச்சல் குளத்தில் எல்லோரும் ஆஜர். மனைவி பதக்கப் பெட்டியோடு எதிர்ப்பக்கம் நின்றார். சம்பந்தி நடுக்குளத்தில். ராணுவமோ கைப்பிடிக் கம்பியை விடுவதாக இல்லை.

“விடுங்க சம்பந்தி, நான் இருக்கேன்ல?”

கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டார். கையும் காலும் ஆளுக்கொரு திசையில் போயின. பாதிக் குளம் எங்கள் மேல் தெறித்தது. கால் தரையில் படுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன், படவே இல்லை. எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டார்! இந்த வயதில் நான் விசிலடித்தேன்.

மனைவி கண்ணைத் துடைத்தபடி பெட்டியைத் திறந்தார். ராணுவம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, ஈரக் கையை நீட்டித் தடுத்தார்.

“மூடு, மூடு. அன்னைக்குப் போனதோட முடிஞ்சுதா? திரும்பி வந்தேன்ல?”

சொல்லிவிட்டு, வந்த பக்கமே திரும்பிச் சுவரை ஓர் உதை உதைத்தார்.