சுங்கானில் பிடித்த கரி

என் வீட்டுக்காரர் தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள்கள் மொத்தமே இரண்டு. ஒன்று குடை, இன்னொன்று புகையிலை திணித்துப் புகைக்கிற குழாய், சுங்கான். குடையை ரயிலில் மறந்து வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு வந்தார். சுங்கானுக்கு நேர்ந்ததுதான் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

அவர் மலாயாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், படுத்துக் கிடந்த ரப்பர் விலை எழுந்து உட்கார்ந்த சமயம். எல்லார் கையிலும் கொஞ்சம் காசு புரண்டது. எங்கள் மகள் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் குளமெல்லாம் வேண்டிக்கொண்டு பிறந்தவள். வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் எங்கள் வாயில் வந்தது பாப்பா என்பதுதான்.

தோட்டத்தில் சுங்கான் பிடித்தவர் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். மற்றவர்களுக்கு வெற்றிலை, பீடி, சுருட்டு. என் வீட்டுக்காரர் சுருட்டுக்காரர். எனக்கு அந்த நாற்றம் ஆகாது. பாப்பா பிறந்ததும், "சுருட்டுப் புடிச்ச வாயோட புள்ளைக்கு முத்தம் குடுக்குற வேலையே வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு முத்தத்தை விடவும் மனமில்லை, புகையை விடவும் மனமில்லை. யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வழிதான் சுங்கான். துரை விடுகிற புகை நல்ல வாசனையாக இருக்கும் என்றார். பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் மோந்து பார்த்திருக்கிறார் போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய்ச் சீனர் கடை ஒன்றில் வாங்கி வந்தார். வெல்வெட் வைத்த பெட்டியில் இருந்தவை துரைமாருக்கு. இவருடையது தட்டில் குவித்து வைத்திருந்த மலிவுச் சரக்கு. ப்ரையர் என்று ஏதோ சீமைச் செடியின் வேராம்.

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதின்னு கேட்டிருக்கேன். உங்களுக்குக் கடிக்கச் சீமை வேருதான் வேணுமாக்கும்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதைத் துணியால் துடைத்தார்.

புதுச் சுங்கானை வாங்கிய கையோடு புகைத்துவிட முடியாதாம். வண்டிக் காளையைப் பழக்குவது போலப் பழக்க வேண்டுமாம். குழியின் உள்சுவரில் விரலால் தேன் தடவினார். அதுவும் பாப்பாவின் இருமலுக்கு நான் வாங்கி வைத்திருந்த தேன். முதலில் கால் குழிதான் புகையிலை போட வேண்டும். சில நாள் போனால் அரைக் குழி. அப்புறம்தான் முழுசு. வேகமாக இழுத்தால் கட்டை வெந்து போகும். மெல்ல இழுத்தால் உள்ளே கரி ஒட்டும். அந்தக் கரி ஒரு தோல் போலப் படிந்தால்தான் கட்டை கருகாது, புகையும் கசக்காது. தண்ணீர் மட்டும் படவே கூடாது. "பெலான் பெலான் லா" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார், மெதுவாக, மெதுவாக என்று மலாயில்.

மலிவுச் சரக்கு தன் குணத்தைக் காட்டாமல் விடுமா? உள்ளே ஏதோ சாயம் பூசியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரே கசப்பு. நாக்கு வெந்து போய் ரசத்தைக்கூட ஆற வைத்துக் குடித்தார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று நான் சொல்லிக் காட்டினால், "இரு புள்ள, கரி புடிக்கட்டும்" என்பார்.

முன்வாசலில் உட்கார மாட்டார். கிராணி சுங்கான் பிடிப்பது துரை கண்ணில் பட்டால் அது திமிர், வேலை போய்விடும். அதனால் ஆபீசிலிருந்து வந்ததும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, புகையை ஒரு பக்கமாக விட்டுக்கொண்டிருப்பார். நெருப்பு அணைந்து சூடு தணிந்ததும் சாம்பலைத் தட்டிவிட்டு அதை அவள் கையில் கொடுப்பார். அந்த வெதுவெதுப்பு அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்வாள், பிடுங்கினால் அழுவாள். அவள் நடக்கத் தொடங்கியபோதும் எங்கள் வாயில் அதே "பெலான் பெலான்"தான். அவர் படியிலிருந்து சொல்வார், நான் அடுப்படியிலிருந்து சொல்வேன். அவள் இரண்டு எட்டு வைத்துத் தொப்பென்று உட்காருவாள். இருட்டும் முன் அவர் சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டுத் தடவிப் பார்த்து, "புடிக்குது புள்ள, கரி புடிக்குது" என்பார், மகனுக்கு மீசை முளைத்த மாதிரி.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் பாப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. விடியும்போது போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

அவர்தான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு அப்பால் இருந்த இடுகாட்டுக்குப் போனார். பெண்கள் போகும் வழக்கமில்லை. திரும்பி வந்து குழாயடியில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாள் விடியற்காலை தப்படித்ததும் எழுந்து, ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்தால் பற்ற வைக்காத சுங்கானை வாயில் கடித்தபடி அதே படியில் உட்கார்ந்திருப்பார். பாப்பா என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லுளிமங்கன் என்று கதையில் கேட்டதுண்டு, அவனோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் ஒரு தரம் அழ வேண்டும். அந்தப் பிள்ளை எனக்கு மட்டும் பிள்ளையில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். அது இல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

சேதி கேட்டு அவருடைய அக்கா பாரிட் புந்தாரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். தங்கமான மனுஷி, ஆனால் சாத்திரத்தில் நூல் பிசக விடமாட்டார். அவர் ஊர் திரும்பும்போது நானும் கூடவே கிளம்பி, பினாங்கில் கப்பலேறி இந்தியாவில் இருந்த என் அம்மாவிடம் போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

தீட்டுக் கழிக்கிற நாளில் அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் பாப்பாவின் சட்டைகள், தூளித் துணி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். "போன புள்ளையோட துணிமணி வூட்டுல கெடந்தா அடுத்தது தங்காது" என்றார். ஒரே ஒரு சட்டையை நான் கையில் பிடித்துக்கொண்டேன். மெதுவாக விரலைப் பிரித்து அதையும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் தம் அக்காவைத் தடுக்கவில்லை. மூட்டை வீட்டுக்குப் பின்னால் எரிவதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனார். நான் உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டேன். பிறகு வீடெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தமும் பாத்திரம் துலக்குகிற சத்தமும் வெகுநேரம் கேட்டன.

சாயங்காலம் அவர் வந்தபோது அண்ணி சுங்கானை நீட்டினார். சன்னலில் கிடந்ததாம். வாய் வைக்கிற பொருளை எச்சிலோடு, தீட்டோடு அப்படியே விடலாமா? புளியும் சாம்பலும் போட்டு, விரலில் தேங்காய் நாரைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்திருக்கிறார்.

"உள்ள ஒரே அழுக்குடா தம்பி. சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். பாரு, கடையில வாங்குனாப்புல இருக்கு."

அவர் சுண்டுவிரலை உள்ளே விட்டார். விரல் ஈரமாக வெளியே வந்தது, கறுப்பே இல்லை. முகம் அப்படியே இடிந்து போயிற்று. "நல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

நான் பின்னாலேயே போனேன், ஆறுதல் சொல்ல அல்ல. எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"புள்ள போனப்ப மாறாத மூஞ்சி, இந்தக் கட்டைக்கு மாறுதா? நீங்கல்லாம் மனுசந்தானா?"

அவர் விறகடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கரி," என்றார். வெறுங்குழியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அடியில இருந்த கரியெல்லாம் பாப்பா மடியில இருக்கறப்பப் புடிச்சது புள்ள. துணியெல்லாம் எரிச்சப்ப, சரி, இது இருக்கேன்னுதான் பேசாம நின்னேன்."

அதோடு உட்கார்ந்துவிட்டார். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாப்பா, பாப்பா என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணில் அப்போது தண்ணீர் வரவில்லை. இத்தனை நாளாக நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டிருந்ததை இன்னொருவரும் ஒரு பக்கம் பிடித்த மாதிரி இருந்தது.

அண்ணி வாசற்படி வரை ஓடி வந்தார். "என்னாச்சு? ஏன் இப்படி அழுவுறான்?"

"பாப்பாவ நெனச்சுக்கிட்டாரு அண்ணி."

"அழுவட்டும்," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்பவாச்சும் அழுதானே."

சுங்கானைப் பற்றி அண்ணியிடம் கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அதைத் திரும்பப் பற்ற வைக்கவுமில்லை. அண்ணி தனியாகத்தான் ரயிலேறினார்.

அவர் அழுத அன்றைக்கு இருட்டும்போது எனக்குப் பசித்தது. பாப்பா போன பிறகு முதல் தடவையாகப் பசித்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் பசித்தது. அண்ணி துலக்கிக் கவிழ்த்திருந்த தட்டுகளில் இரண்டை எடுத்துச் சோறு போட்டேன். அவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.