தேவராசா அடைத்த வேலி

ஒரு துண்டு நிலத்தைக் கண்டால் போதும், தேவராசாவின் கை வேலி அடைக்கத் துடிக்கும். தென்மராட்சியில் பாதி வளவுகளுக்கு வேலி அடைத்தவர் அவர். வேலி இல்லாவிட்டால் எங்கள் சனத்துக்கு நித்திரை வராது என்பதால் வேலைக்கும் குறைவில்லை.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில், கடனீரேரி ஓரத்துக் கண்டல் காட்டுக்குள், நடக்க முடியாதவர்களும் போய்ப் பறவை பார்க்கப் பலகைப் பாதை போட்டார்கள். ஒரு கண்டலும் வெட்டப்படவில்லை. மரம் நின்ற இடத்தில் பாதைதான் வளைந்துபோனது. கூடு கட்டும் கூழைக்கடாக்கள் ஆட்களைக் கண்டு மிரளாமலிருக்கப் பாதையோரம் ஓலை மறைப்பு வேண்டும் என்றார் வனஜீவி அதிகாரி வாகீசன். வேலை தேவராசாவுக்கு வந்தது. மனிதர் சும்மா விடுவாரா? காற்றும் நுழையாதபடி பனையோலையை ஆளுயரத்துக்கு நெருக்கி அடைத்து, எட்டிப் பார்க்க மேலே மட்டும் ஓர் இடைவெளி விட்டார்.

அவர் அப்படி ஓடி ஓடி வேலை செய்தது மனைவி பூரணத்துக்காக. முள்ளந்தண்டு வருத்தத்தில் இரண்டு கால்களும் இயங்காமல் போன பிறகு, படி கண்ட இடமெல்லாம் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்குவது பூரணத்துக்குக் கூச்சமாக இருந்தது. கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"ஒருக்கா வாறன். சரிவராட்டி இனி என்னை எங்கையும் வரக் கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் புறப்பட்டார்.

பலகையில் நாற்காலி வழுவழுவென்று ஓடியது. வேலியடியில் நிறுத்தி, "பார் பூரணம்!" என்றார் தேவராசா, பெருமை தாங்காமல்.

"எதைப் பாக்கிறது? உங்கடை ஓலையையோ?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் நிற்பவர் கண்ணுக்கே வேலி அடைத்துப் பழகிய கை. முகம் செத்துப்போய், கத்தியை எடுத்து மேலோலையை இறக்கப் போனார்.

வாகீசன் ஓடிவந்து மறித்தார். "அண்ணை, பொறுங்கோ! வேலி உயரம் குறைஞ்சால் ஆக்களின்ரை தலை தெரியும். தாய் குஞ்சுகளை விட்டிட்டுப் பறந்திடும்."

பூரணம் நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பினார். பாதி திரும்பியதும் நின்று, "இஞ்சாருங்கோ, நான் பக்கத்து வீட்டுச் சிவகௌரியோடை எதாலை கதைக்கிறனான்? அப்பிடி ஒரு பொட்டு விடுங்கோவன்" என்றார்.

பொட்டு இல்லாத வேலி எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? கதையும் கறியும் கைமாறுவது அந்தச் சின்னத் திறப்பால்தானே. தேவராசா மனைவியின் கண்மட்டத்தில் ஓலையை விலக்கிக் கட்டினார்.

அங்கே குஞ்சொன்று தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் தேடிக்கொண்டிருந்தது. பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாகீசனும் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தார்.

வெயில் ஏறியது. "போவமோ?" என்றார் தேவராசா.

பூரணம் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் போங்கோ. நான் பாத்திட்டு மெதுவா உருட்டிக்கொண்டு வாறன்."

மனைவியைத் தனியே விட்டுவிட்டு நடப்பது இவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று தேவராசா நினைத்திருக்கவே இல்லை.