பெஸ்யா அழைத்துவரும் மணப்பெண்கள்

கோழியின் கழுத்தை முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு, மார்புப் பக்கத்து இறகைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் பெஸ்யா. தொப்பியும் கையுறையுமாக ஒரு பெண் எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமினாள். பெஸ்யா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னைக்கு?" என்றாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை."

"பொண்ணுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. மாப்பிள்ளைக்கும் யாருமில்ல."

"உசரமா, குட்டையா?"

"குட்டைதான்."

"அப்பாடா. போன தடவை வந்தது ஒட்டகம். முக்காட்டைத் தூக்குறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டு போச்சு. சரி, வர்றேன். எங்க வீட்டு மனுஷனையும் இழுத்துட்டு வர்றேன். இப்ப வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் நகருங்க."

மாண்ட்ரியலில் எங்கள் கோழிக்கடையில் வெந்நீருக்கு வேலையில்லை. யூதர்கள் சாப்பிடும் கோழியைச் சுடுநீரில் முக்கக் கூடாது, பச்சையாகத்தான் பிடுங்க வேண்டும். அதனால் எங்கள் விரல்கள் எப்போதும் வீங்கியே இருக்கும். பெஸ்யாவின் முக்காலிக்கும் என் முக்காலிக்கும் நடுவே ஒரு கூடைதான் இடைவெளி. என்னைவிட வேகமாகப் பிடுங்குவாள், அதைச் சொல்லிக் காட்டாமலும் இருக்க மாட்டாள். "ராய்சல், நீ கோழிக்குத் தலை சீவி விடறியா?" என்று தினம் ஒருமுறையாவது கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீடு திரும்பும்போது அவள் புருவத்தில் எப்படியும் ஒரு சின்ன இறகு ஒட்டியிருக்கும். சொன்னாலும் தட்டிவிட மாட்டாள். "நாளைக்கு வேற ஒண்ணு ஒட்டத்தான் போகுது" என்பாள்.

இவளுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று கேட்பீர்கள். மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் கைபிடித்துப் பந்தலுக்கு அழைத்து வருவது தாய் தகப்பன் செய்ய வேண்டியது. அவர்கள் இல்லாத இடத்தில் ஒரு தம்பதி செய்யலாம். ஆனால் அந்தத் தம்பதிக்கு அது முதல் கல்யாணமாக இருந்தால்தான் நல்லது என்பது பெரியவர்கள் சொல்லி வைத்தது. யுத்தத்தில் துணையைப் பறிகொடுத்த எங்களைப் போல ஒரு கூட்டம் கப்பலிலிருந்து வந்து இறங்கும் என்று அந்தப் பெரியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எங்களில் முதல் கல்யாணத்தை எங்கே போய்த் தேடுவது? என் கணவருக்கு நான் இரண்டாவது. எனக்கும் அவர் இரண்டாவது. "நம்ம கட்டில்ல நாலு பேரு படுக்கிறோம், கொஞ்சம் தள்ளிப் படு" என்பார் அவர். சிரிப்பேன். சில நாள் சிரிப்பு வராது.

யுத்தத்துக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து வேரூன்றிவிட்ட சீமாட்டிகள் சிலர், தாயாக நிற்க நாங்கள் வருகிறோம் என்று முன்வந்தது உண்டு. எங்கள் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. கையைப் பிடிக்கும்போதே அந்த அம்மாள்களுக்குக் கண் கலங்கிவிடுகிறதாம். பெஸ்யா கண் கலங்க மாட்டாள். கிடுக்கி போட்டது போலப் பிடிப்பாள். விழ விடமாட்டாள் என்ற தைரியம் அந்தப் பிடியில் இருக்கிறது.

பெஸ்யாவும் அவள் கணவர் ஃபிஷெலும் எங்களுக்குள் ஓர் அதிசயம். யுத்தத்தில் அவளைக் கிழக்கே ஒரு வதைமுகாமுக்கும் அவரை மேற்கே ஒரு முகாமுக்கும் கொண்டுபோனார்கள். இரண்டு பேருமே பிழைத்தார்கள். யுத்தம் முடிந்த கோடையில், பழைய நாட்டில், வூஜ் நகர ரயில் நிலையத்தில் எலும்பும் தோலுமாக ஒருவர் உட்கார்ந்திருக்க, பெஸ்யா அவரிடம் போய், "ஐயா, ஃபிஷெல்னு ஒருத்தரைப் பார்த்தீங்களா? தையக்காரர், இடது காது மடங்கியிருக்கும்" என்று விசாரித்தாளாம். அவர் தொப்பியைக் கழற்றிக் காதைக் காட்டினாராம்.

இந்தக் கதையைக் கேட்டு அழாதவர் கிடையாது. பெஸ்யா மட்டும் அழாமல் சொல்வாள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அவர் கோட்டுத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறார், நாள் முழுக்க நீராவியில் நின்று வெந்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறார். அவள் சூப்பை வைக்கிறாள். அவர் குடிக்கிறார். சண்டை கிடையாது. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அவர்களுடைய ஒரே மகள் டோப்ரா திரும்பி வரவில்லை. இருந்திருந்தால் இப்போது கல்யாண வயசு. ஊரோ அவர்களை ராசியான ஜோடி என்கிறது.

"ராசியாம் ராசி" என்பாள் பெஸ்யா. "மூணு பேர்ல ரெண்டு பேரு வந்தோம். கணக்குப் பண்ணினா பாஸ் மார்க்குதான், இல்ல?"

எத்தனையோ பெண்களை அவள் நடத்தி வந்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் அதே நீல உடை. உறைபனியில் இரண்டு கால்விரல்களை இழந்தவள் அவள், ஷூ முனையில் துணியை அடைத்துக்கொண்டு மணமகனைச் சுற்றி ஏழு சுற்றும் பெண்ணோடு வருவாள். சடங்கு முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மாப்பிள்ளைக்கு மார்க் போடுவாள். "மெல்லும்போது சத்தம் வருது. ஆனா முதல் துண்டை அவ தட்டுல வச்சான். தேறிடுவான்." எல்லாரும் வட்டமாகக் கைகோத்து ஆடும்போது பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் முதல்முறையாக முடியாது என்றாள்.

மணப்பெண் ஹிண்டா. பெஸ்யாவின் ஊர், பெஸ்யாவின் தெரு, இரண்டு வீடு தள்ளி. அந்தத் தெருவில் பிழைத்தவர்கள் பெஸ்யா, ஃபிஷெல், ஹிண்டா, அவ்வளவுதான். மாப்பிள்ளை லைபிஷ் கடைக்கு வந்து கேட்டான். "கால் வலி" என்றாள். எங்கள் மதகுருவான ரபியின் மனைவி வந்து கேட்டாள். "முதுகு வலி" என்றாள். ஃபிஷெல் கேட்கவே இல்லை. கடை வாசலில் என்னைத் தனியாகப் பிடித்து, "நான் பையனைக் கூட்டிட்டு வந்துடுவேன். அவகிட்ட நீங்க சொல்லுங்க. நாங்க அதைப் பத்திப் பேசி ரொம்ப நாளாச்சு" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

நான் பெஸ்யாவிடம் வாயைத் திறந்ததுதான் தாமதம், கையிலிருந்த இறகைக் கூடையில் எறிந்தாள்.

"மத்த பொண்ணுங்க எல்லாம் வேற ஊரு, ராய்சல். முக்காட்டைத் தூக்கினா யாரோ ஒருத்தி. இவ என் பொண்ணோட ஒரே பெஞ்சில உட்கார்ந்தவ. இவளைக் கூட்டிட்டுப் போனா நான் யாரைக் கூட்டிட்டுப் போறேன்னு எனக்கே தெரியாமப் போயிடும். என்னை விட்டுடு."

விட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய?

கல்யாணத்துக்கு முன்னால், செத்துப்போன தாய் தகப்பனின் கல்லறைக்குப் போய் அவர்களைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வருவது அநாதைப் பெண்கள் செய்யும் வழக்கம். கல்லறையே இல்லாதவள் எங்கே போவாள்? ஹிண்டா கோழிக்கடைக்கு வந்தாள். மெலிந்த பெண், நல்ல நீள மூக்கு. வந்தவள் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எங்கள் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, உங்களைத் தொந்தரவு பண்ண வரல."

"வந்தாச்சே."

"எங்கம்மாவுக்கும் உங்களுக்கும் ஆகாதுன்னு தெரியும். அதனாலதான் மாட்டேங்கிறீங்களோன்னு..."

பெஸ்யாவின் கை நின்றது. "உங்கம்மாவா? ஸ்லாட்டாவா? அவளோட எனக்கு என்னடி ஆகாது? அவதான் என்கிட்ட மூணு வருஷம் பேசல! அந்த வாத்து வளர்த்தாளே வாத்து, அது தினம் வேலி தாண்டி வந்து என் கோஸ் நாத்தையெல்லாம் மேஞ்சுட்டுப் போகும். ஒருநாள் விளக்குமாத்தால ஒண்ணு போட்டேன். கால் ஒடிஞ்சுது. அதுக்கு நடுத்தெருவுல நின்னு என்ன பேச்சுப் பேசினா தெரியுமா! அவ குரல் இருக்கே, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேக்கும். சமையலாவது வருமா? மீனுல சர்க்கரையை அள்ளிக் கொட்டுவா. ஆனா துணி மட்டும் கொடியில வெள்ளை வெளேர்னு காயும். அதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்..."

ஹிண்டா குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்த நொண்டி வாத்து! அதுக்கு எங்கம்மா குச்சி வச்சுக் கட்டினாங்க! இன்னும் திட்டுங்க அத்தை."

"என்னது?"

"இன்னும் திட்டுங்க. எங்கம்மாவைத் திட்டறதுக்காவது இந்த உலகத்துல உங்களை விட்டா யாரு இருக்கா? எங்கம்மா குரல் எனக்கே மறந்துபோச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்னு நீங்கதான் சொல்றீங்க."

பெஸ்யா மடியிலிருந்த கோழியை என் மடியில் போட்டுவிட்டு, "போ. எனக்கு வேலை இருக்கு" என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஹிண்டா பெட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கோழி முழுவதையும் நான்தான் பிடுங்கினேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பந்தல் கட்டியாயிற்று. ஃபிஷெல் லைபிஷின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரபி இரண்டு தரம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு சீமாட்டி ஹிண்டாவின் பக்கத்தில் போய், "நான் வர்றேம்மா" என்றாள், கண் கலங்கத் தயாராக. ஹிண்டா தலையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கலாம்" என்றாள். முக்காட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. எனக்கு பெஸ்யாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்ன பெரிய துக்கம் இவளுக்கு மட்டும், எங்களுக்கெல்லாம் இல்லாததா என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பெஸ்யா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சீமாட்டியைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஹிண்டாவின் முழங்கையைப் பிடித்தாள். எப்போதும் போடும் கிடுக்கிப்பிடி அல்ல அது. பெண் அவளை நடத்துகிறாளா, அவள் பெண்ணை நடத்துகிறாளா என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேரும் மெல்ல வந்தார்கள். மாப்பிள்ளையைச் சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஃபிஷெலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்காவதிலோ ஐந்தாவதிலோ அவர் தலை குனிந்துகொண்டார்.

ரபி ஒயின் கோப்பையை ஆசீர்வதித்து நீட்டினார். லைபிஷ் குடித்தான். பெண்ணுக்கு முக்காட்டைத் தூக்கிவிட வேண்டும். பெஸ்யா தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரபி கோப்பையைச் சாய்த்ததில் ஹிண்டாவின் உதட்டோரம் ஒயின் வழிந்து முகவாய்க்கு இறங்கியது. சீமாட்டி அவசரமாக லேஸ் கைக்குட்டையை நீட்டினாள்.

பெஸ்யா அதை வாங்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்து, மறுகையால் ஹிண்டாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, முகவாயை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை போலிருக்கிறது. மறுபடியும் விரலை நனைத்துக்கொண்டாள்.