ஷெரிப்போடு பூட்டு மாற்றப் போன காலம்

பூட்டு வேலை செய்கிறவனைச் சந்தோஷமான நாளில் ஒருவரும் கூப்பிடுவதில்லை.

குடிபெயர்ந்து வந்த குளிர் நாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், சலவைக் கடை ஒன்றுக்குப் பக்கத்தில், தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. முதலீடு: சாவி வெட்டுகிற மிஷின் ஒன்று, பழைய வான் ஒன்று, எட்டாம் வகுப்புப் படிப்பு, மூக்கு நுனியில் கோபம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டால், அதை நிறைவேற்ற வருகிறவர் ஷெரிப்பின் அதிகாரி. படத்தில் வருகிற தொப்பி, குதிரை ஒன்றும் கிடையாது. ஒரு மழைக்கோட்டும் ஒரு கட்டுக் கடுதாசியும்தான். அவர் வந்து கதவில் நின்றதும் பூட்டை மாற்ற ஒருவன் வேண்டும். அந்த ஆளைக் கூட்டிவருவது வீட்டுச் சொந்தக்காரரின் வேலை. அவர்கள் கூட்டிவருகிற ஆள் பாதி நாள் வருவதேயில்லை. வராவிட்டால் அதிகாரியின் அன்றைய நாள் பாழ்.

இதனால் எங்கள் பக்கத்து ஷெரிப் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், தானே ஒரு பூட்டுக்காரனை நிரந்தரமாகப் பிடிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அந்த நியமனக் கடிதம் எனக்குக் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான். பேரம் பேசியே கெட்டுப்போன என் இனத்தவரே, அந்தக் கடிதத்துக்கு நான் பட்ட பாட்டை வாசியுங்கள். இங்கிலீசில் எனக்கு விழுந்த பேச்சுகளை என் தமிழில் தந்திருக்கிறேன். சூடு குறையவில்லை.

மௌனம் என்கிற பேரம்

பக்கத்து வட்டாரமான மல்வேர்னில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தபால்பெட்டிப் பூட்டு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஷெரிப்பின் அதிகாரி நிற்கிறார். டக் என்று பெயர். ஆறடி உயரம், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெல்லிய குரல். அவரோடு கட்டடச் சொந்தக்காரர். வரவேண்டிய பூட்டுக்காரன் வரவில்லை. விடுவேனா? டக்குக்கு முன்னால் போய் நின்று, "எண்பது டொலர், இப்பவே மாத்தித் தாறன்" என்றேன்.

டக் பேசவில்லை. ஆள் விண்ணன், மௌனத்தால் அடிக்கிறான் என்று நினைத்து அறுபது என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, நாப்பது! இதுக்குக் கீழ இறங்கினால் நான் மனுசனில்லை!" என்று கத்தினேன். சொந்தக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். டக் மெல்லச் சொன்னார்: "காசு தாறது நானில்லை, இவர். நான் நீ எப்ப வாயை மூடிப்போட்டு டிரில்லை எடுப்பாய் எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

கவுன்சிலர் வந்த நாள்

நாற்பது டொலருக்கு ஓடி வருகிற ஆள் என்று சொந்தக்காரர்களிடையே என் பெயர் பரவியது. டக்கோடு அடிக்கடி போகத் தொடங்கினேன். ஒருநாள் ஒரு நகரசபைக் கவுன்சிலர், கோட்டும் ரையுமாக, உதவியாளர் இரண்டு பேரோடு கட்டட வாசலை மறித்தார். "இந்த வேலையை நிறுத்துங்கோ, இது என்ர தொகுதி" என்றார். நான் டிரில்லை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். எனக்கு அதிகாரம் என்றாலே பயம். கத்துவதெல்லாம் என்னைப்போன்ற ஆட்களிடம்தான்.

டக் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நீங்கள் நகரசபை. இது நீதிமன்ற உத்தரவு. இந்த வாசலில நீங்கள் எனக்கு ஒரு வழிப்போக்கர்" என்றார். இதைக் கேட்டுக் குளிர்ந்துபோன கட்டடச் சொந்தக்காரர், "அப்படியே பதினோராம் மாடியில ஒரு வீட்டையும் முடிச்சுப்போட்டுப் போங்கோ" என்றார். "கடுதாசி?" "அடுத்த கிழமை வந்திடும்." "அப்ப நீங்களும் வழிப்போக்கர்தான்."

எனக்குப் புல்லரித்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே நிமிஷத்தில் மடக்குகிற மனுசனுக்கு ஒரு கடிதம் எம்மாத்திரம்? லிப்ற்றில் இறங்கும்போது என் விஷயத்தை எடுத்தேன். அந்தக் கடிதத்தில் அவர் ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றேன். டக் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கையெழுத்து வைக்கப் பேனை வேணுமெண்டால், அதுக்கே நான் டவுன்ரவுண் தலைமைக் கந்தோருக்கு எழுதிக் கேட்கவேணும்."

சேர், சேர்

மாகாணத்தில் புது அரசாங்கம் வந்து எல்லாக் கந்தோரிலும் செலவுக்குக் கத்தரிக்கோல் வைத்த நேரம் அது. டக்கின் கந்தோர்க் கார் படுத்துவிட்டது. திருத்த அனுமதி கேட்டு எழுதினார். பதில் வருமட்டும் என் வானில் வந்தார். வானின் பக்கவாட்டில் ஒரு பெரிய சாவியும், என் கடைத் தொலைபேசி எண்ணும் கீறியிருக்கும். டக் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட, மடியில் நீதிமன்றக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். நான் பெற்றோலுக்குக் காசு கேட்கவில்லை. கடிதத்துக்கு இது முதலீடு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஒரு வாசலில் நான் முதலில் குதித்து இறங்கினேன். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், ஓடிவந்து, "சேர், ஒரு கிழமை தாங்கோ சேர், வேற இடம் பார்த்திட்டன் சேர்" என்றான். வாழ்க்கையில் என்னை ஒருவரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, "பார்ப்பம், நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அந்த நேரம் பார்த்து வானுக்குள்ளிருந்து டக் கூப்பிட்டார்: பக்கக் கதவு வழக்கம்போல இறுகிவிட்டது, வந்து திறந்துவிடட்டாம். ஓடிப்போய்த் திறந்தேன். பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணை, நீங்கள் டிரைவரோ? முதலே சொல்லியிருக்கலாமே, சும்மா எத்தினை சேர் வீணாப் போச்சு!"

இரண்டு மணிநேரப் பூட்டு

இன்னொரு நாள் காலி செய்யப் போன வீட்டில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாகப் பெட்டிகளைக் கட்டி வரிசையாக வைத்திருந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. "மகன் வேலை முடிஞ்சு ட்ரக் கொண்டு வாறான், பன்னிரண்டு மணியாகும். அதுமட்டும் சாமானை மழையில வைக்கேலாது, தம்பி" என்று மட்டும் சொன்னார். அப்போது மணி பத்து.

நான் டக்கிடம் போனேன். இந்தமுறை கத்தவில்லை. "நேரத்தைத் தள்ளிப்போட எனக்கு அதிகாரமில்லை" என்றார் டக். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி மடித்தார். "ஆனால் ஒரு பூட்டு மாத்த எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு எனக்குத் தெரியாது. அது உன்ர தொழில்." தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

பதினைந்து நிமிஷ வேலை. நான் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பப் பூட்டி, திரும்பக் கழற்றினேன். கட்டடத்து மனேஜர் வந்து, "நீ பூட்டு மாத்துறியோ, பூட்டுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறியோ?" என்று கத்தினார். கத்துவதில் நான் அவருக்கு அண்ணன். நான் திருப்பிக் கத்திய கத்தலில் இன்னும் கால்மணி நேரம் கழிந்தது. பன்னிரண்டே காலுக்கு ட்ரக் வந்தது. அக்கா கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட ஆள்தான் வாறதெண்டு தெரிஞ்சிருந்தால் கேத்திலைக் கட்டாமல் விட்டிருப்பன் தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கலாம்."

பத்தாம் மாடி

மனேஜர் சும்மா இருப்பாரா? முறைப்பாடு போய்ச் சேர்ந்தது. டக்கையும் என்னையும் டவுன்ரவுணுக்கு, பத்தாம் மாடிக்கு, செலவுப் பகுதிப் பெண்மணியிடம் கூப்பிட்டார்கள். மெலிந்த அம்மா. மேசையில் அந்தக் கடிதம் கேட்டு நான் போட்டிருந்த விண்ணப்பம், பக்கத்தில் முறைப்பாடு. இன்றைக்கு முடிந்தேன் என்று நினைத்தேன். அவர் முறைப்பாட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "பூட்டு மாத்த நேரமெடுத்தால் எனக்குச் செலவில்லை. உங்கட விலைதான் கூட" என்றார்.

பூட்டு ஒன்றுக்கு அறுபது கேட்டிருந்தேன். அவர் முப்பது என்றார். நான் ஐம்பது என்றேன். அவர் இருபத்தைந்து என்றார். அன்பர்களே, நான் பாதி உலகத்தோடு பேரம் பேசியிருக்கிறேன். நான் இறங்க இறங்க எதிராளியும் இறங்கியது அன்றுதான். இருபத்தைந்தானாலும் ஒரு குழு பார்க்கவேண்டுமாம், குழு கூட ஆறு மாதமாகுமாம். "நீங்கள் சொல்லுங்கோவன்!" என்று டக்கைப் பார்த்துக் கத்தினேன். டக் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "வெளியில நான் ஒருத்தற்ற சொல்லும் கேட்கமாட்டன். இங்க இந்தக் கதிரையில இருக்கிறதே கேட்டுத்தான் இருக்கிறன்" என்றார்.

மேசையில் ஓங்கி அடித்தேன். "அப்ப சும்மா செய்யிறன்! ஒரு சதமும் வேண்டாம்! எழுதுங்கோ!"

எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிராளிக்கு வெட்கம் வரும், "சீச்சீ, அப்படிச் சொல்லாதேங்கோ" என்று கையைப் பிடிப்பார், ஒரு நடு விலைக்கு வந்து சேர்வோம். அந்த அம்மா பேனையை எடுத்தார். எழுதினார். முகம் மலர்ந்து, நான் அந்தக் கட்டடத்தில் கண்ட முதல் சிரிப்பைச் சிரித்தார். "பூச்சியமெண்டால் நான் ஒரு குழுவையும் கேட்கத் தேவையில்லை, நானே கையெழுத்து வைக்கலாம். ஒரு வருசம், சம்மதம்தானே?"

ஷெரிப் கந்தோரின் நிரந்தரப் பூட்டுக்காரன் என்ற கடிதத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன், அந்தச் சுவருக்கு வாடகை கட்ட ஒரு வருசம் பின்னேரங்களில் பாண் பேக்கரியில் மா பிசைந்தேன்.