பாய் விரிக்கும் இடத்தையும் வரைந்த சாந்தினி

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பறைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் சாந்தினியின் அண்ணன். “தம்பி, தங்கச்சி எங்களை விட்டிட்டுப் போட்டாள்” என்றார். அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் மேசைக்குத் திரும்பியபோது, அடுத்த மேசையில் அவளுடைய பென்சில்கள் சீவி வைத்தபடியே கிடந்தன.

இலங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அண்ணன் குடும்பத்தோடு டொராண்டோவுக்கு வந்தவள் அவள். கட்டிடக்கலை வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். முதல் வருடம், உருவம் வரையும் வகுப்பில் ஒரு வயதான மனிதர் நாங்கள் பார்த்து வரைவதற்காக ஆடையின்றி வந்து நின்றார். நான் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். சாந்தினியின் தாளில் இரண்டு பாதங்கள் மட்டும் இருந்தன.

“அந்த மனுசனுக்குக் கால் குளிருது. விரலெல்லாம் மடிச்சு வச்சிருக்கிறார். உமக்குத் தெரியேல்லையோ?” என்று கேட்டாள்.

அவளை அறிந்து இதை வாசிக்கும் உங்களிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு குடியிருப்பை வடிவமைத்தோம். அதற்காக, நகரின் பார்க்டேல் பகுதியில் தன் அண்ணன் குடும்பம் இருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டை அவள் வரைந்தாள். அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். யார் எங்கே பாய் விரிக்கிறார்கள், இரவு வேலை முடிந்து வருகிறவர் யார் எழுந்த இடத்தில் படுக்கிறார் என்பதெல்லாம் அந்த ஆறு தாள்களில் இருந்தன. பேராசிரியர்கள் முதல்முறை எங்கள் படங்களைப் பார்க்க வந்த அன்று, அவள் வருவதற்கு முன்பே நான் அவற்றைச் சுவரிலிருந்து கழற்றி ஒளித்துவிட்டேன்.

சுவரில் அவை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். மீதி இருந்த படங்களை விளக்கினாள். வெளியே வந்த பிறகுதான், “உமக்கு அந்த வீட்டைப் பாத்து வெக்கமோ, எங்களைப் பாத்து வெக்கமோ?” என்றாள்.

இரண்டு வாரம் அந்தத் தாள்கள் என்னிடமே இருந்தன. பிறகு ஒரு ஞாயிறு, தாள்களை எடுத்துக்கொண்டு பார்க்டேலுக்குப் போனேன். கதவைத் திறந்த அவளுடைய அண்ணி, “உள்ள வாங்கோ, பாயிலதான் இருக்கவேணும்” என்றார். பாயில் உட்கார்ந்தேன். சாந்தினி தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்தாள்.

“ஆறும் இருக்கு. பேராசிரியர்கள் கடைசியாப் பாக்க வரேக்க நீர்தான் கொண்டுபோய்ச் சுவரில குத்தவேணும்” என்றாள்.

குத்தினேன், எல்லாவற்றுக்கும் முன்னால். வந்திருந்த பேராசிரியர்களில் ஒருவர் மற்றப் படங்களுக்கு நகரவே வெகுநேரமாயிற்று.

கடைசியாக நான் மருத்துவமனைக்குப் போனபோது அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. யன்னலைக் கண்ணால் காட்டினாள். “உதில நிண்டு பாக்கிறவைக்கு ஏரி தெரியும். படுத்திருக்கிற எனக்கு வானம் மட்டும்தான். உந்த யன்னலைப் படத்தில கீறினவர் ஒருநாளும் படுத்துப் பாக்கேல்லைப் போல. நீர் படுத்துப் பாத்திட்டுக் கீறும், என்ன?”

“ஓம்” என்றேன்.

அவளுடைய இறுதிக் கிரியைகள் முடிந்த மறுநாள் வகுப்புக்குப் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மேசையருகே தரையில் மல்லாந்து படுத்தேன். எழுந்து, நான் வரைந்து வைத்திருந்த அறையின் யன்னலை ஓரடி கீழே இறக்கினேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஓரடிதான்.