அப்பாவின் ஷூவுக்குள் முள்ளெலி

அமீரகத்து அல் ஐனில் நாங்கள் குடியிருந்தது ஒரு அரபிக்காரர் வீட்டின் பின்கட்டு. சமையலறைக் கதவைத் திறந்தால் அவருடைய பேரீச்சை மரங்கள். அவற்றின் அடியில், அவர் பெரிய மனது வைத்து விட்டுக்கொடுத்த இடத்தில், அம்மாவின் வெண்டைப் பாத்தி. எனக்கு ஏழு வயது. அந்தத் தோட்டத்துக்குச் சாயங்காலம் ஒரு முள்ளெலி வரும். தேங்காய் மூடி அளவு உடம்பு, பெரிய காதுகள். பாத்தியில் வண்டு பொறுக்கித் தின்றுவிட்டு, அம்மா வைக்கும் தண்ணீரையும் குடித்துவிட்டு, வீட்டுக்காரரைப் போல நிதானமாகப் போகும்.

அதை அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அப்பா எலக்ட்ரீஷியன். விடியுமுன் கம்பெனி வேனில் போனால், ஓவர்டைம் முடித்து நான் தூங்கிய பிறகுதான் வருவார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கண்ணில் படுவார். சொல்லிவைத்தாற்போல் அன்றைக்கு முள்ளெலி வராது. "அதுக்கும் வெள்ளிக்கிழமை லீவு போல" என்று கேலி செய்வார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஒருநாள் விடிகாலையில் அம்மா போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன். வாசலில் அப்பா ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய சேஃப்டி ஷூ ஒன்றுக்குள் முள்ளெலி தலையைக் கொடுத்துச் சுருண்டு கிடந்தது.

"நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று குதித்தேன்.

"ஏங்க, கவுத்து ஒரு உதறு உதறுங்க, விழுந்துரும்" என்றாள் அம்மா.

அப்பா ஷூவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாவம், தூங்குது. அடிபட்டுறாதா?"

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. சேஃப்டி ஷூ இல்லாதவனை சைட்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா செருப்போடு போய், தனக்குத் தெரிந்த இந்தியையும் அரபியையும் கலந்து, "பாய், ஷூ மே ஜான்வர் ஹை. தூஸ்ரா ஷூ மாஃபி. ஆஜ் டியூட்டி மாஃபி" என்று கையை விரித்தார். ஷூவுக்குள் மிருகம், வேறு ஷூ இல்லை, இன்றைக்கு டியூட்டியும் இல்லை என்று அர்த்தம். வேனுக்குள் ஒரே சிரிப்பு. வேன் அப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டது.

எனக்கும் ஸ்கூல் மாஃபி என்று அப்பாவே அறிவித்தார். ஷூவைப் பேரீச்சை நிழலில் வைத்துக் காவலிருந்தோம். வயரை முறுக்குவதுபோல் முறுக்கி எனக்கு அப்பா பின்னல் போட்டுவிட்டார்; அதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில் தோசை கருகியது. பகலில் அப்பாவின் குரல் கேட்கிற வீடு எனக்குப் புதிதாக இருந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தபோது ஷூ அசைந்தது. முள்ளெலி பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, ஒரு தும்மல் போட்டு, வெண்டைக்குள் மறைந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்.

அதன்பிறகு பல நாள் அந்த ஷூவுக்குள் பிஸ்கட் தூள் போட்டுவைத்தேன். எறும்புதான் வந்தது. அப்பா தட்டிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று மத்தியானம் கண்ணாமூச்சி ஆடும்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தேன். அங்கே ஒரு பெட்டி. அதற்குள் அப்பாவின் அளவில் புத்தம்புது சேஃப்டி ஷூ ஒரு ஜோடி. சந்தோஷம் தாங்காமல், "அப்பா, இங்க வேற ஷூ இருக்கு!" என்று கத்தினேன். அப்பா குனிந்து, பெட்டியைச் சுவரோரமாக இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, "பாப்பாவக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

நான் ஆட்டத்தில் தோற்றுவிட்டேன் என்று மட்டும்தான் அப்போது எனக்குப் புரிந்தது.